விஞ்ஞானப் பட்ட வகுப்பின் முதல் ஆண்டு

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த நாளுக்கும் கல்லூரி திறக்கும் நாளுக்கும் இடையே சில மாதங்கள் கிடைக்கின்றன. நுழைவுத் தேர்வும் விண்ணப்பங்களும் அவற்றுள் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு விடுகின்றன. எஞ்சிய நாட்களில் ஊருக்குச் சென்று பாட்டி, தாத்தாவைப் பார்த்து வருகிறோம். அது நல்லதே. ஆயினும், விஞ்ஞானப் பட்ட வகுப்பில் சேரவிருக்கும் மகனோ மகளோ வீட்டில் இருந்தால், அந்த நாட்களில் தினம் இரண்டு மணி நேரமாவது ஆயத்தத்திற்கென ஒதுக்கப்பட வேண்டும். அந்த ஆயத்தம் எத்தகையது என்பதையும், தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நமக்கு அதில் தனியாகக் கவனிக்க வேண்டியது யாது என்பதையும் இங்கே ஆராய்வோம்.

ஆயத்தம் என்றவுடன், முதல் ஆண்டுப் புத்தகங்களை முன்கூட்டியே வாங்கி மனப்பாடம் செய்வது என்று கொள்ளலாகாது. பள்ளிப் படிப்புக்கும் பட்டப் படிப்புக்கும் உள்ள வேற்றுமை பாடத்தின் அளவில் மட்டும் இல்லை. கேட்கப்படும் கேள்வியின் இயல்பிலேயே இருக்கிறது. பள்ளியில், “விடை என்ன?” என்று கேட்கிறார்கள். பல்கலைக் கழகத்தில், “அந்த விடை உமக்கு எவ்வாறு தெரியும்?” என்று கேட்கிறார்கள். 2022ஆம் ஆண்டு முதல் மத்தியப் பல்கலைக் கழகங்களில் சேர்வதற்கு நடைபெற்று வரும் பொது நுழைவுத் தேர்வில், கொடுக்கப்பட்ட விடைகளுள் சரியானதைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆனால் கல்லூரியில் சேர்ந்த பின் நடைபெறும் தேர்வில், தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒவ்வொரு படியையும் எழுதிக் காட்ட வேண்டும். முதலாவதில் சிறந்து தேறிய பிள்ளை இரண்டாவதில் திகைத்து நிற்பது இதனாலேயே.

தில்லிப் பல்கலைக் கழகத்தில் பௌதிகம் பயிலும் மாணவர் முதல் பருவத்தில் கணிதப் பௌதிகம், இயக்கவியல், அலைகளும் அலைவுகளும் ஆகிய பாடங்களைப் பயில்கிறார். பெயர்களைப் பார்த்தால் பதினோராம் வகுப்பில் படித்தவையே போலத் தோன்றும். “இவை நமக்குத் தெரிந்தவைதாமே” என்ற எண்ணம் முதல் சில வாரங்களில் பலரைச் சோம்பலில் ஆழ்த்திவிடுகிறது.

தனி ஊசலை எடுத்துக்கொள்வோம். நூலின் நீளம் தெரிந்தால் ஊசல் ஒரு முறை சென்று திரும்பும் நேரத்தைக் கணக்கிடுவதற்கான சூத்திரம் பள்ளியிலேயே வந்துவிடுகிறது. கல்லூரி ஆசிரியரோ, “இந்தச் சூத்திரம் எப்பொழுது பொய்க்கும்?” என்று கேட்பார். ஊசலைச் சிறிதளவே ஒதுக்கி விடும்போதுதான் அது பொருந்தும். சிறிய கோணத்திற்கு, கோணத்தின் ‘ஸைன்’ மதிப்பும் கோணமும் ஏறக்குறையச் சமம் என்ற கணித உண்மையே அதற்கு அடிப்படை. 10 பாகை என்பது 0.1745 ரேடியன், அதன் ஸைன் மதிப்பு 0.1736. இரண்டும் மிக நெருங்கியவை. 60 பாகையிலோ கோணம் 1.047 ரேடியன், ஸைன் 0.866. இங்கே சூத்திரம் கைவிட்டுவிடும். இந்த எல்லையை அறிந்தவரே அந்தச் சூத்திரத்தை அறிந்தவர்.

எனவே ஆயத்தத்தின் முதற் பகுதி கணிதம். புதிய கணிதம் வேண்டுவதில்லை. பழைய கணிதம் தடையின்றிக் கைக்கு வர வேண்டும். திரிகோணமிதி, மடக்கை, வகைக்கெழு, தொகை, வெக்டர் ஆகிய ஐந்திலும் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குகளை, விடையைப் பாராமல், நாளொன்றுக்குப் பத்து வீதம் தாளில் முழுமையாக எழுதிப் பார்ப்பது போதுமானது. கோணத்தைப் பாகையிலிருந்து ரேடியனுக்கு மாற்றும் பழக்கமும் வேண்டும். கணக்கிடும் கருவி பாகைக் கணக்கில் இருந்தால் ‘ஸைன் 30’ என்பதற்கு 0.5 என்று காட்டும். ரேடியன் கணக்கில் இருந்தால் அதே பொத்தான்கள் மைனஸ் 0.988 என்று காட்டும். கருவி இரண்டிலும் சரியாகவே சொல்கிறது. கேட்டவர்தாம் எதைக் கேட்டோம் என்று அறிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது பகுதி அளவிடுதல். ஆய்வுக்கூடத்தில், நூலிலுள்ள விடையை முன்னால் வைத்துக்கொண்டு அதற்கேற்பத் தம் அளவுகளைத் திருத்தி எழுதும் பழக்கம் பள்ளி மாணவர் சிலரிடம் உண்டு. பல்கலைக் கழகத்திற்கு அதனுடன் செல்லலாகாது. இதை மாற்றுவதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சுவரிலுள்ள ஆணியில் நூலைக் கட்டி, அதன் நுனியில் சிறிய பூட்டு ஒன்றைத் தொங்கவிட வேண்டும். ஆணியிலிருந்து பூட்டின் நடுப்பகுதி வரை நீளம் ஒரு மீட்டர் இருக்கட்டும். பூட்டைச் சற்றே ஒதுக்கி விட்டு, அது ஒரு முறை சென்று திரும்பும் நேரத்தைக் கைத்தொலைபேசியிலுள்ள நிறுத்து கடிகாரத்தால் அளந்தால் ஏறக்குறைய 2 விநாடி வரும். ஆனால் பொத்தானை அழுத்துவதில் நம் கை 0.2 விநாடி முந்தவோ பிந்தவோ கூடும். அது பத்து விழுக்காட்டுப் பிழை. அதற்கு மாறாக 20 முறை ஆடும் நேரத்தைச் சேர்த்து அளந்தால் 40 விநாடிக்குச் சற்று மேல் வரும். கையின் பிழை அதே 0.2 விநாடிதான், ஆனால் இப்பொழுது அது அரை விழுக்காடாகிவிடுகிறது.

20 ஆட்டங்களுக்கு 40.2 விநாடி ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறைக்கு 2.01 விநாடி. சூத்திரத்தில் இட்டால் புவியீர்ப்பு முடுக்கம் 9.77 என்று கிடைக்கும். சூத்திரத்தில் நேரம் இருமடிப் பெருக்கமாக வருவதால் அரை விழுக்காட்டுப் பிழை ஒரு விழுக்காடாகும். பூட்டின் நடுப்பகுதியைக் கண்ணால் மதிப்பதில் 5 மில்லிமீட்டர் தவறலாம். அது மற்றோர் அரை விழுக்காடு. ஆகவே நாம் சொல்லக்கூடியது, “விடை 9.6க்கும் 9.9க்கும் இடையே உள்ளது” என்பதே. புத்தகத்திலுள்ள 9.8 அதற்குள் அடங்கியிருப்பதைக் காணலாம். 9.8 என்று மட்டும் எழுதிய மாணவரைக் காட்டிலும், இவ்வாறு எல்லையுடன் எழுதிய மாணவர் விஞ்ஞானத்திற்கு அண்மையில் நிற்கிறார். எதைத் திருத்தினால் விடை மேலும் துல்லியமாகும் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

இரசாயனம் பயில்பவர் பியூரெட்டைப் படிப்பதிலும், தாவரவியல், விலங்கியல் பயில்பவர் உருப்பெருக்கியில் கண்டதைக் கண்டவாறே வரைவதிலும் இதே நேர்மையைப் பழக வேண்டும். புத்தகத்துப் படத்தை நினைவிலிருந்து வரைவது ஓவியமாகலாம், உற்றுநோக்கல் ஆகாது.

மூன்றாவது பகுதி மொழி. முதல் இரண்டும் எல்லா மாணவருக்கும் பொது. இதுவோ நமக்கே உரியது. தில்லி, போபால், லக்னோ முதலிய நகரங்களில் வளரும் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் ஹிந்தியும், வகுப்பில் ஆங்கிலமும் பேசுகிறார்கள். பாடநூல் ஆங்கிலத்தில் இருந்தாலும் ஆசிரியர் விளக்கம் தரும்போது ஹிந்திக்கு மாறுவது வடநாட்டு வகுப்புகளில் இயல்பு. அவ்வேளையில் தமிழுக்கும் ஹிந்திக்கும் பொதுவாகக் காணப்படும் சில சொற்கள் பிள்ளைகளை ஏமாற்றிவிடுகின்றன. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் இத்தகைய சொற்களை நாள்தோறும் சந்திக்கிறோம்.

‘அணு’ என்ற சொல்லைப் பாருங்கள். ஹைட்ரஜன் தனித்து நின்றால் தமிழில் அது அணு. இரண்டு அணுக்கள் பிணைந்தால் மூலக்கூறு. ஹிந்தியிலோ தனித்து நிற்பது ‘பரமாணு’. பிணைந்து நிற்பதே ‘அணு’. வீட்டில் கேட்ட பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு வகுப்பில் கேட்டால் கணக்கு இரண்டு மடங்கு பிழையாகும். அடுத்து ‘வேகம்’. தமிழ்ப் பாடநூலில் இது திசையைக் கருதாத அளவு. திசையும் சேர்ந்தால் ‘திசைவேகம்’. ஹிந்தியில் திசையற்றது ‘சால்’. திசையுடன் கூடியது ‘வேக்’. வட்டப் பாதையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வீதம் சீராக ஓடும் வண்டிக்கு “வேகம் மாறவில்லை” என்று தமிழில் சொன்னால் அது சரி. “வேக் மாறவில்லை” என்று ஹிந்தியில் சொன்னால் தவறு. ஏனெனில் திசை கணந்தோறும் மாறிக்கொண்டே இருக்கிறது. மூன்றாவது ‘சக்தி’. அணுசக்தி என்று நாம் வழங்கும் தொடரில் இது ஆற்றலைக் குறிக்கிறது. ஹிந்திப் பௌதிகத்தில் ஆற்றலுக்கு ‘ஊர்ஜா’ என்று பெயர். ‘சக்தி’ என்பது ஒரு விநாடியில் எவ்வளவு வேலை நடைபெறுகிறது என்பதைக் குறிக்கும். அதை நம் பாடநூல் ‘திறன்’ என்கிறது. மின்விளக்கில் எழுதியுள்ள 100 வாட் என்பது திறன். அதைப் பத்து மணி நேரம் எரித்தால் மின் கட்டணச் சீட்டில் ஏறும் ஒரு யூனிட் என்பது ஆற்றல்.

இவற்றுள் எந்த மொழியின் வழக்கும் பிழையன்று. ஒரே வேரிலிருந்து பிறந்த சொற்களை இரு மொழிகளும் தத்தம் வழியில் எடுத்து ஆண்டுள்ளன. மத்திய அரசு 1961இல் விஞ்ஞான, தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையத்தை நிறுவியது. தமிழில் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வெளிவந்தது. தமிழுக்குள்ளேயும் சொற்கள் மாறியுள்ளன. மூத்தோர் பௌதிகம், இரசாயனம் என்று கற்றவற்றை இன்றைய பாடநூல்கள் இயற்பியல், வேதியியல் என்கின்றன.

ஆகவே பிள்ளைகள் ஒரு குறிப்பேட்டில் நான்கு பத்திகள் வரைந்துகொள்ளட்டும். முதலாவதில் ஆங்கிலச் சொல், இரண்டாவதில் ஹிந்தி அல்லது வாழும் மாநிலத்தின் மொழிச் சொல், மூன்றாவதில் தமிழ், நான்காவதில் அதன் வரையறையும் ஓர் எடுத்துக்காட்டும். தினம் ஐந்து சொற்கள் எழுதினால் இரண்டு மாதத்தில் முந்நூறு சொற்கள் சேரும். தமிழ்நாட்டு அரசின் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு விஞ்ஞானப் பாடநூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும், தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுவின் நூல்கள் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. நம் பிள்ளைகளுள் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அங்கேதான் பெற்றோரின் துணை வேண்டும். நாம் கலைப் பட்டதாரிகளாகவே இருக்கலாம். தமிழ் வரையறையை உரக்கப் படித்துக் காட்டுவதற்கும், “இதை எனக்குப் புரியும்படி சொல், பார்ப்போம்” என்று கேட்பதற்கும் விஞ்ஞானப் பட்டம் வேண்டுவதில்லை. விஞ்ஞானம் அறியாத ஒருவருக்கு விளக்கிச் சொல்ல முடிகிற பொருளே பிள்ளைக்கு உண்மையில் விளங்கிய பொருள்.

இத்தனை ஆயத்தத்திற்குப் பிறகும் முதல் பருவத்தில் மதிப்பெண் குறையலாம். பள்ளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கிய பிள்ளை கல்லூரியின் முதல் தேர்வில் ஐம்பதுடன் வந்து நிற்பது அரிதன்று. அப்பொழுது வீட்டில் பேசப்படும் பேச்சு மிக முக்கியமானது. மருத்துவமோ பொறியியலோ கிடைக்காததனால் பி.எஸ்ஸி. வகுப்புக்கு வந்த பிள்ளைகள் பலர். ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்கும் அத்தைக்கும் சித்தப்பாவுக்கும், “வேறு வழியில்லாமல் சேர்த்தோம்” என்று நாம் சொல்லும் விடையை அடுத்த அறையிலிருக்கும் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. உற்றாரும் பழைய தோழரும் தொலைவில் உள்ள நகரத்தில் அந்தப் பிள்ளைக்கு ஆறுதல் சொல்ல நம்மையன்றி அருகில் வேறு எவரும் இல்லை என்பதை மறக்கலாகாது.

சர் சி. வி. ராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் 1904இல் பட்டம் பெற்றார். 1907இல் மத்திய அரசின் நிதித் துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்குச் சென்றார். பகலில் அலுவலகமும், அலுவலக நேரத்திற்கு அப்பால் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடமுமாக அவர் பத்தாண்டுகள் உழைத்தார். 1928இல் அவர் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவு 1930இல் நோபல் பரிசைப் பெற்றது. எல்லாப் பிள்ளைகளும் ராமன் ஆக வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. வேற்று மாநிலத்தில் அரசுப் பணியிலிருந்த தமிழர் ஒருவர் விஞ்ஞானத்தை இரண்டாந்தரப் படிப்பாகக் கருதவில்லை; நாமும் கருத வேண்டியதில்லை என்பதற்காகவே சொல்கிறோம்.

முதல் மாதத்தில் மாணவர் செய்ய வேண்டுவன மூன்று. அன்றன்று நடந்த பாடத்தை அன்றிரவே புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பார்க்க வேண்டும். விளங்காத இடத்தை ஒரு வாரத்திற்குள் ஆசிரியரிடம் நேரில் சென்று கேட்க வேண்டும். வேற்றுமொழி பேசும் இரண்டு தோழர்களுடன் சேர்ந்து கணக்குப் போட வேண்டும். அவர்களுக்கும் ‘அணு’வின் கதையைச் சொல்லலாம். பெற்றோர் செய்ய வேண்டுவது ஒன்றே. மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம், “எத்தனை மதிப்பெண்?” என்று கேட்பதற்கு முன்னால், “இன்று உனக்கு எது விளங்கவில்லை?” என்று கேளுங்கள். அதற்குப் பிள்ளை அஞ்சாமல் விடை சொல்லுமானால், முதல் ஆண்டின் பெரும் பகுதியை நாம் கடந்துவிட்டோம் என்று கொள்ளலாம்.