மாநிலம் மாறினால் மறுபடியும் வரி

டெல்லியில் ஒருவர் 12 லட்ச ரூபாய்க்குப் பெட்ரோல் கார் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 10 லட்சத்தைத் தாண்டிய பெட்ரோல் காருக்கு அங்கே சாலை வரி 10 சதவீதம். 1,20,000 ரூபாய் கட்டுகிறார். மூன்றரை ஆண்டு கழித்துப் பெங்களூருவுக்கு வேலை மாறுகிறது, காரும் கூடவே போகிறது. கர்நாடகத்தில் 10 முதல் 20 லட்சம் வரை விலையுள்ள காருக்கு வாழ்நாள் வரி 17 சதவீதம். மூன்று ஆண்டைக் கடந்து நான்கை எட்டாத வண்டி என்பதால் அதில் 81 சதவீதம் கட்ட வேண்டும், அதற்கு மேல் 11 சதவீத செஸ். மொத்தம் சுமார் 1,83,000 ரூபாய். புது வண்டிக்கு டெல்லியில் கட்டியதைவிட, ஓடித் தேய்ந்த அதே வண்டிக்குப் பெங்களூருவில் கட்டுவது அறுபதாயிரத்துக்கும் அதிகம்!

மறுபதிவுக் கட்டணம் காருக்கு வெறும் 600 ரூபாய்தான். கழுத்தை நெரிப்பது வரி.

வாகனங்கள் மீதான வரி, அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி மாநிலங்களின் உரிமை. அதனால் ஆளுக்கொரு விகிதம். தமிழ்நாடு 2023 நவம்பரில் வரியை உயர்த்தியபோது 5 லட்சம் வரையிலான காருக்கு 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 என்று ஆனது. அதே 12 லட்ச ரூபாய் காரைச் சென்னையில் புதிதாக வாங்கினால் வரி மட்டும் 2,16,000 ரூபாய். வரி குறைவு என்பதற்காகப் புதுச்சேரியில் பொய் முகவரி கொடுத்துச் சொகுசு கார்களைப் பதிவு செய்ததாகக் கேரளத் திரை நட்சத்திரங்கள் சிலர் மீது 2017-ல் புகார் எழுந்ததும், வழக்குகள் பதிவானதும் இந்த இடைவெளியால்தான்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 47-வது பிரிவு, வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்குப் புது எண் வாங்கச் சொல்கிறது. கர்நாடகம் 2014-ல் தன் வரிச் சட்டத்தைத் திருத்தி, வெளிமாநில வண்டி 30 நாள் தாண்டினாலே வாழ்நாள் வரி என்றது. 2016-ல் உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

புது எண் வாங்க, பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து படிவம் 28-ல் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வேண்டும். கடன் பாக்கி இருந்தால் வங்கியின் ஒப்புதலும் வேண்டும். விண்ணப்பித்து 30 நாளுக்குள் மறுப்போ பதிலோ வராவிட்டால் என்.ஓ.சி. கொடுக்கப்பட்டதாகவே கொள்ளலாம் என்று 48-வது பிரிவு சொல்கிறது. இந்தப் பிரிவைத் தெரிந்து வைத்திருக்கும் வண்டிக்காரர்கள் மிகக் குறைவு. எண் மாறியதும் இன்சூரன்ஸிலும் ஃபாஸ்டேக்கிலும் மாற்ற வேண்டும்.

பழைய மாநிலத்தில் 15 ஆண்டுக்கும் சேர்த்து முன்கூட்டியே கட்டிய வரியில் மீதி ஆண்டுகளுக்கானதைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் புது மாநிலத்தில் வரி கட்டி, புதுப் பதிவுச் சான்று (ஆர்.சி.) வாங்கி, அதைக் காட்டித்தான் கேட்க முடியும். முதலில் லட்சக்கணக்கில் கையைவிட்டுப் போக வேண்டும். பிறகு, விட்டுவிட்டு வந்த ஊரின் அலுவலகத்தை ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து துரத்த வேண்டும். அலைச்சலுக்கு அஞ்சி அந்தப் பணத்தை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது அவர்களுடைய பணம், சலுகை அல்ல.

இதற்கு விடையாகத்தான் 2021 செப்டம்பர் 15 முதல் பிஎச் (பாரத்) வரிசைப் பதிவெண் வந்தது. வரியை மொத்தமாகக் கட்டாமல் இரண்டிரண்டு ஆண்டுகளுக்குக் கட்டினால் போதும். மாநிலம் மாறினாலும் எண் மாறாது. 10 லட்சத்துக்குள் உள்ள வண்டிக்கு 8 சதவீதம், 20 லட்சம் வரை 10, அதற்கு மேல் 12 என்ற அடிப்படையில் வரி கணக்கிடப்படுகிறது. டீசலுக்கு 2 சதவீதம் கூடுதல், மின்வாகனத்துக்கு 2 சதவீதம் குறைவு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ராணுவத்தினர், அரசு மற்றும் பொதுத்துறை ஊழியர்கள், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்கள் ஆகியோருக்கு மட்டுமே இந்த எண் கிடைக்கும். சொந்தத் தொழில் செய்பவருக்கும் சின்ன நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்கும் இல்லை. ஊர் மாறும்போது செலவைத் தாங்கித் தர ஆளில்லாதவர்கள் இவர்கள்தான்.

சரக்கு மாநிலம் தாண்டும்போது ஜிஎஸ்டியில் யாருக்கு எவ்வளவு என்று அரசுகளே தமக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்கின்றன. ஒவ்வொரு வண்டியின் வயதும் கட்டிய வரியும் வாஹன் கணினித் தளத்தில் பதிவாகியிருக்கும்போது, மீதி வரியைப் பழைய மாநிலம் புது மாநிலத்துக்கு நேரடியாக மாற்றிவிட்டு, வித்தியாசத்தை மட்டும் உரிமையாளரிடம் வாங்குவதே நியாயம். ஒன்றிய, மாநிலப் போக்குவரத்து அமைச்சகங்கள் கூடிப் பேசி இதைச் செய்ய வேண்டும். அதுவரை, ஊர் மாறுகிறவர்கள் வரி ரசீது, இன்வாய்ஸ் இரண்டின் அசலையும் பத்திரப்படுத்துங்கள், என்.ஓ.சி. வாங்கும் நாளிலேயே, வரியைத் திரும்பப் பெற என்னென்ன காகிதம் வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.