மந்த அணுக்களின் மெல்லிய பிணைப்பு

ஒரு பொருளுக்குப் பெயரிடும்போதே அதன் இயல்பைப் பற்றிய தீர்ப்பையும் நாம் எழுதிவிடுகிறோம். 1894ஆம் ஆண்டில் ராலே பிரபுவும் வில்லியம் ராம்சேயும் காற்றிலிருந்து ஒரு புதிய வாயுவைக் கண்டறிந்தனர். எப்பொருளுடனும் அது வினைபுரியவில்லை. எனவே 'சோம்பியிருப்பது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு ஆர்கான் என்று பெயர் வைத்தனர். 1898இல் ராம்சேயும் மோரிஸ் டிராவர்ஸும் நியான், கிரிப்டான், செனான் ஆகியவற்றையும் அடுத்தடுத்துக் கண்டறிந்தனர். ஹீலியத்தையும் சேர்த்து இக்குடும்பத்துக்கு மந்த வாயுக்கள் என்ற பெயர் நிலைத்தது. தனிமங்களில் மிகுந்த வேகமுடைய ஃபுளோரினைக்கூட ஆர்கானுடன் இணைக்க முயன்று ஹென்றி முவாஸான் தோல்வி கண்டார். 1962இல் நீல் பார்ட்லெட் செனானை ஒரு சேர்மத்தில் பிணைத்துக் காட்டியபோதுதான் அத்தீர்ப்பில் முதல் விரிசல் விழுந்தது.

நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்டது அத்தகைய வேதிப்பிணைப்பு அன்று. எலக்ட்ரானை இழக்காமலும் பகிராமலும், தன் இயல்பு சற்றும் மாறாமலும் ஒரு மந்த அணு ஒரு மூலக்கூறின் அருகே தங்கிவிடும் மெல்லிய சேர்க்கையே நம் பொருள். இச்சேர்க்கையை லேசர் ஒளி எவ்வாறு நமக்குக் காட்டித் தந்தது, அதனால் நாம் அறிந்துகொண்டது என்ன என்பவற்றைக் காண்போம்.

இச்சேர்க்கைக்குக் காரணமான கவர்ச்சி விசையைப் பற்றிய சிந்தனை 1873இல் தொடங்கிற்று. ஹாலந்து நாட்டின் லைடன் பல்கலைக்கழகத்தில் வான் டெர் வால்ஸ் சமர்ப்பித்த ஆய்வேடு, வாயு மூலக்கூறுகள் ஒன்றையொன்று சிறிதளவேனும் கவர்கின்றன என்று வாதிட்டது. அக்கவர்ச்சி இல்லையெனில் எந்த வாயுவும் திரவமாகாது. 1908இல் அதே நகரில் காமர்லிங் ஓனஸ் ஹீலியத்தையும் திரவமாக்கினார். எவற்றோடும் சேராதவை எனப்பட்ட அணுக்கள் தமக்குள்ளேனும் ஒன்றையொன்று கவர்கின்றன என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆயினும் அக்கவர்ச்சி எங்கிருந்து வருகிறது என்பதை 1930இல்தான் ஃபிரிட்ஸ் லண்டன் குவாண்டம் இயக்கவியலைக் கொண்டு விளக்கினார். அணுவைச் சூழ்ந்த எலக்ட்ரான் மேகம் ஓய்வதில்லை. ஒரு கணம் அது ஒருபுறம் சாய்கிறது. அச்சாய்வு அருகிலுள்ள அணுவின் மேகத்தையும் இசைவாகச் சாயச் செய்கிறது. இவ்விரு சாய்வுகளும் இணைந்து அசைவதால் ஒரு நுண்ணிய ஈர்ப்பு பிறக்கின்றது.

இரண்டு அணுக்கள் சேர்வதென்றால் என்ன என்னும் வினா நமது அறிவுமரபுக்கும் புதிதன்று. கலாம் அறிஞர்கள் பகுக்கவொண்ணாத துகளை ஜவ்ஹர் என்று அழைத்தனர். துகள்களின் சேர்க்கையாகிய தஃலீஃபை, துகள்களிலிருந்து வேறான ஒரு பண்பாகவே கொண்டு பஸ்ராவின் முஃதஸிலா அறிஞர்கள் நுட்பமாக விவாதித்தனர். அவர்கள் பேசிய ஜவ்ஹர் இன்றைய வேதியியலின் அணு அன்று. இரண்டையும் ஒன்றென்று சொல்வது அவர்களுக்கும் நியாயம் செய்வதாகாது, அறிவியலுக்கும் நியாயம் செய்வதாகாது. ஆனால் துகளை அறிந்தால் மட்டும் போதாது, அவற்றுக்கிடையேயான உறவையும் தனியே அறிய வேண்டும் என்ற அவர்களின் உணர்வு இன்றும் பொருளுடையதே.

அந்த உறவை அளப்பதில் உள்ள இடர்ப்பாட்டைச் சில எண்களால் உணரலாம். இரு ஹைட்ரஜன் அணுக்களின் பிணைப்பை முறிக்க ஒரு மோலுக்கு 436 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். பென்சீன் மூலக்கூறின்மேல் அமர்ந்த ஓர் ஆர்கான் அணுவைப் பிரிக்க ஏறத்தாழ 3.8 கிலோஜூல் போதும். அயோடின் மூலக்கூறுடன் சேர்ந்த ஹீலியத்துக்கோ சுமார் 0.2 கிலோஜூலே போதுமானது. அறை வெப்பநிலையில் வெப்ப இயக்கத்தின் ஆற்றல் அளவு ஏறத்தாழ 2.5 கிலோஜூல். எனவே சாதாரண வாயுவில் இத்தகைய சேர்க்கை தோன்றினாலும் அடுத்த மோதலிலேயே சிதைந்துபோகும். குளிர்வித்தாலோ வேறொரு தடை எழுகின்றது: அயோடின் போன்றவை உறைந்து கலத்தின் சுவரில் படிந்துவிடும். வாயுவாகவே இருத்தல் வேண்டும். அதே வேளையில் தனிச்சுழியை நெருங்கிய குளிரும் வேண்டும். ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இவ்விரு நிபந்தனைகளையும் ஒருங்கே நிறைவேற்றியது மீயொலி வேகத் தாரை என்னும் உத்தி.

அதன் அமைப்பு எளிமையானது. உயர் அழுத்தத்திலுள்ள ஹீலியம் அல்லது ஆர்கான் வாயுவில், ஆராயவேண்டிய மூலக்கூறுகளை மிகச் சிறிதளவு கலக்கின்றனர். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த துளை வழியே அக்கலவை வெற்றிடத்துக்குள் பாய்கின்றது. துளையருகே நிகழும் எண்ணற்ற மோதல்களால், எல்லாத் திசைகளிலும் சிதறியோடிய அணுக்கள் ஒரே திசையில், ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடத் தொடங்குகின்றன. தாரையின் வேகம் மிகுதி. ஆனால் அதனுடன் பயணிக்கும் அணுக்களுக்குள் ஒன்றுக்கொன்று வேறுபாடு மிகக் குறைவு. வெப்பநிலை என்பது இவ்வேறுபாட்டின் அளவேயாதலால், அது சில கெல்வின் அளவுக்கு வீழ்கின்றது. வாயு விரைவில் அடர்த்தி குறைந்து மோதல்களே நின்றுவிடுவதால் திரவமாவதற்கோ உறைவதற்கோ அவகாசமில்லை. மோதல்கள் நிற்பதற்கு முன்னரே, இரு துகள்கள் நெருங்கும்போது மூன்றாவதொன்று மிகை ஆற்றலை வாங்கிச் சென்றால், அவ்விரண்டும் பிணைந்து நிற்கின்றன. அதன்பின் அவற்றைக் கலைக்க எவரும் இல்லை.

இனி அவற்றைக் காண்பதெங்ஙனம்? ஒளியை வண்ணங்களாகப் பிரித்து இயற்கையை வினவும் முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ, இப்னுல் ஹைஸமின் ஒளியியல் நூலுக்கு விளக்கம் எழுதுகையில், நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தை மழைத்துளிக்கு ஒப்பாகக் கொண்டு வானவில்லின் வண்ணங்களை ஆராய்ந்தார். இன்றைய நிறமாலையியல் வண்ணத்தின் மிகச் சிறு வேறுபாட்டையும் அளக்கிறது. ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய சில வண்ணங்களை மட்டுமே உட்கொள்ளும். அறை வெப்பத்தில் பல்லாயிரம் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து குழம்பிக் கிடக்கும் நிறமாலை, தாரையின் குளிரில் தெளிந்த சில கோடுகளாகச் சுருங்குகின்றது. லேசரின் தூய ஒற்றை வண்ணத்தைச் சிறிது சிறிதாக மாற்றிச் சென்றால் அக்கோடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டறியலாம்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மாலி, டொனால்ட் லெவி, லெனார்ட் வார்ட்டன் ஆகியோர் இவ்வழியை வகுத்தனர். 1976இல் அவர்கள் ஹீலியத் தாரையில் அயோடினைக் கலந்து லேசரால் ஒளிரச் செய்தபோது, அயோடினின் பட்டைகளுக்கு அருகே சற்று விலகிய சிறு பட்டைகள் தென்பட்டன. ஓர் ஹீலியம் அணு ஒட்டியிருப்பதால் அயோடின் ஏற்கும் வண்ணம் இம்மியளவு மாறியதன் அடையாளம் அது. இதே ஸ்மாலி பின்னர் 1985இல் லேசரும் தாரையும் கொண்ட கருவியால் கார்பன் அறுபது மூலக்கூறைக் கண்டறிந்த குழுவில் ஒருவராகி, 1996இல் நோபல் பரிசையும் பெற்றார்.

அயோடின்–ஹீலியச் சேர்க்கை மற்றொரு வியப்பையும் வெளிப்படுத்தியது. லேசர் ஒளியை ஏற்ற அயோடின் வலுவாக அதிர்கின்றது. அவ்வதிர்வின் ஒரே ஒரு குவாண்டம்கூட ஹீலியத்தைப் பிரிக்கத் தேவையான ஆற்றலைப்போல் பல மடங்கு. அவ்வாறிருந்தும் சேர்க்கை உடனே முறிவதில்லை. நிறமாலைக் கோடுகளின் அகலத்திலிருந்து கணக்கிட்டபோது, அதிர்வின் நிலைக்கேற்ப அதன் ஆயுள் சுமார் 40 முதல் 220 பிக்கோ வினாடி வரை இருப்பது தெரிந்தது. ஒரு பிக்கோ வினாடி என்பது ஒரு வினாடியின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. மனிதக் கணக்கில் இது ஒன்றுமில்லை. ஆனால் அதற்குள் அயோடின் நூறு முதல் பல நூறு முறை வரை அதிர்ந்துவிடுகிறது. விரைந்தாடும் குறுகிய ஊசலின் ஆற்றல், மெல்ல ஆடும் நீண்ட ஊசலுக்கு எளிதில் கடந்து செல்வதில்லை. அயோடினின் விரைந்த அதிர்வும் ஹீலியத்தின் மெதுவான அசைவும் இசையாமையே அம்மெல்லிய பிணைப்பைக் காத்து நிற்கிறது. இறுதியில் ஒரு குவாண்டத்தை வாங்கிக்கொண்டு ஹீலியம் பிரிய, அயோடின் அந்த ஒன்றை இழந்து எஞ்சுகின்றது.

இப்பிரிவை நேரடியாகக் கடிகாரமிட்டுப் பார்த்தவர்களுள் எகிப்தின் தமன்ஹூரில் பிறந்த அஹ்மத் ஸுவைல் முக்கியமானவர். கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் அவரது குழு, அயோடினுடன் ஹீலியம், நியான் முதலியவை சேர்ந்த மூலக்கூறுகளை ஆராய்ந்து 1992இல் முடிவுகளை வெளியிட்டது. முதல் லேசர்த் துடிப்பு அதிர்வை எழுப்பும்; அளந்த தாமதத்துக்குப்பின் வரும் இரண்டாம் துடிப்பு, விடுபட்ட அயோடின் தோன்றிவிட்டதா என்று பார்க்கும். வேதிவினைகளை அவை நிகழும் வேகத்திலேயே காணும் இம்முறைக்காக 1999இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 2016இல் அவர் காலமானார்.

கோடுகளின் இடைவெளியிலிருந்து சேர்க்கையின் வடிவத்தையும் கணிக்க முடிகின்றது. மூலக்கூறு சுழலும் விதம் அதன் நிறை எவ்வாறு பரவியுள்ளது என்பதைச் சொல்லிவிடும். பென்சீன் வளையத்தின் நடுவே, அதன் தளத்துக்குச் செங்குத்தாக, சுமார் 3.6 ஆங்ஸ்ட்ராம் உயரத்தில் ஆர்கான் அமர்ந்திருப்பது இவ்வாறே தெரிந்தது. வளையத்தின் கார்பன் அணுக்களுக்கிடையே உள்ள தொலைவு 1.4 ஆங்ஸ்ட்ராம் மட்டுமே. தொடாமல் நெருங்கியிருத்தல் என்பதன் அளவு இது.

இவ்வாய்வின் எல்லை ஜெர்மனியின் கோட்டிங்கனில் மேலும் விரிந்தது. பீட்டர் டோனிஸின் குழுவினர் ஹீலியம் அணுக்கள் திரண்ட நுண்துளிகளுக்குள் ஒரு மூலக்கூறைச் செலுத்தி அகச்சிவப்பு லேசரால் ஆராய்ந்தனர். அத்துளியின் வெப்பநிலை 0.37 கெல்வின். 1998இல் அவர்கள், ஹீலியம் 3 துளியில் தடைபட்டுச் சுழலும் கார்போனைல் சல்ஃபைடு மூலக்கூறைச் சுற்றி ஹீலியம் 4 அணுக்களைச் சேர்த்துக்கொண்டே போயினர். ஏறத்தாழ அறுபது அணுக்கள் சூழ்ந்ததும் மங்கியிருந்த நிறமாலையில் கூரிய கோடுகள் மீண்டன. மூலக்கூறு தடையின்றிச் சுழன்றது. உராய்வற்று ஓடும் மீபாய்மம் என்னும் நிலைக்கு அறுபது அணுக்களே போதுமென்று இதன்வழி அறியப்பட்டது.

இத்தனை உழைப்பு எதற்காக என்று கேட்கலாம். மரபணு ஏணியின் படிகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி நிற்பதிலும், மருந்து புரதத்தின் குழிவில் பொருந்துவதிலும், பல்லி சுவரில் ஏறுவதிலும் இந்த மெல்லிய விசைக்குப் பங்குண்டு. ஆனால் அங்கெல்லாம் அது மின்விசைகளோடும் நீரின் பிணைப்புகளோடும் கலந்து கிடக்கின்றது. மந்த அணுவின் அருகில்தான் அது ஏறக்குறைய தனித்து நிற்கிறது. எனவே கணினிவழிக் கணக்கீடுகள் இவ்விசையைச் சரியாகக் கணிக்கின்றனவா என்று உரைத்துப் பார்க்கும் உரைகல்லாக இச்சேர்க்கைகள் பயன்படுகின்றன. பெருமூலக்கூறுகளைப் பற்றிய கணக்கின் நம்பகம், ஓர் ஆர்கானுக்கும் பென்சீனுக்கும் இடையிலான தொலைவைச் சரியாகச் சொல்வதில் தொடங்குகிறது.

ஒவ்வொரு கண்டுபிடிப்பையும் நம் நூல்களில் முன்பே உள்ளதென்று நிறுவ முனையும் போக்கு நம்மிடையே உண்டு. இறைமறை நம்மை அழைப்பது படைப்பை உற்று நோக்கிச் சிந்திப்பதற்கே. பிறர் நோக்கி முடித்தபின் உரிமை கொண்டாடுவதற்கன்று. இப்னுல் ஹைஸம் இஃதிபார் என்று அழைத்த சோதனைமுறை, கேட்டதை ஒப்புக்கொள்வதற்கு முன் செய்துபார்க்கச் சொன்னது. மந்தம் என்று தீர்ப்பளிக்கப்பட்ட அணுவைக் குளிர்ந்த தாரையில் நிறுத்தி மீண்டும் விசாரித்தவர்கள் அம்முறையையே கையாண்டனர். நம் மாணவர்கள் அம்முறையைக் கற்று, ஆய்வுக்கூடங்களில் அவ்வுழைப்பில் பங்கேற்பதே அந்த மரபுக்கு நாம் செலுத்தக்கூடிய கடன்.