ஒளியை உதறும் சில்லு

சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், செரோ பரனால் மலையுச்சியில், 8.2 மீட்டர் ஆடி கொண்ட நான்கு தொலைநோக்கிகள் நிற்கின்றன. நான்கும் பிடிக்கிற ஒளியைச் சரியாகக் கலந்தால், ஏறத்தாழ 130 மீட்டர் அகலமுள்ள ஒற்றைத் தொலைநோக்கியின் கூர்மை கிடைத்துவிடும். கலக்கும் வேலை நடப்பது ‘கிராவிட்டி’ என்ற கருவிக்குள், சில சென்டிமீட்டர் நீளமே உள்ள ஒரு சில்லில். சிலிக்கான் மேல் படிந்த சிலிக்கா ஏட்டில், சில மைக்ரான் அகலத்தில் ஒளி ஓடும் வாய்க்கால்கள். நான்கு வாசல்களில் நுழையும் ஒளி ஒவ்வொன்றும் மூன்றாகப் பிரிந்து மற்ற மூன்றையும் சந்திக்கிறது. ஆக ஆறு ஜோடிகள். ஜோடிக்கு நான்கு அளவீடுகள் வீதம் 24 கற்றைகள் வெளியேறுகின்றன. இதையே தனித்தனி ஆடிகளை வைத்துச் செய்தால் ஒரு பெரிய மேசை நிறையும். வெப்பம் சற்று மாறினாலும் எல்லாவற்றையும் மறுபடி திருகி நேராக்க வேண்டும்.

இடம் மிச்சமாவதைத்தான் எல்லாரும் புகழ்கிறார்கள். எனக்கோ பெரிதாகப் படுவது வேறு: இந்த ஏற்பாடு ஒளியை வீணாக்குகிறது, அதனாலேயே துல்லியமாகிறது. காற்றுமண்டலத்தைக் கடந்து வரும் ஒளியலை கசங்கித்தான் வருகிறது. சில்லும் அதற்கு ஒளியூட்டும் இழைகளும் ஒரே ஒரு அலைவடிவத்தையே உள்ளே விடும். சல்லடையில் தங்கும் தவிடு போல, கசங்கிய பகுதி வெளியே நின்றுவிடுகிறது. கணிக்கவே முடியாத கசங்கல், இப்போது வெறும் பிரகாச ஏற்றத்தாழ்வு. அதை அளந்து கழித்துவிடலாம். தொலைதூர ஒளியின் ஒவ்வொரு துளியும் அருமை, அதைப்போய் உதறலாமா என்று கேட்பார்கள். மங்கலான விண்மீன் மண்டலங்களை எண்ணுவதற்கு இது உதவாது, உண்மைதான். ஆனால் காற்றின் கலக்கத்தை உடனுக்குடன் திருத்தும் வளையும் ஆடிகள் இழப்பைக் குறைக்கின்றன. கிடைக்கும் பலனையும் பார்க்க வேண்டும். நம் பால்வீதியின் மையக் கருந்துளையைச் சுற்றும் எஸ்2 விண்மீன் 2018 மே மாதம் அதை மிக நெருங்கியபோது, கிராவிட்டி அதன் இடத்தை விடாமல் குறித்துவந்தது. ஐன்ஸ்டீனின் கோட்பாடு சொன்னபடியே அதன் பாதை சுற்றுக்குச் சுற்று சிறிது திரும்புகிறது என்பது 2020-இல் உறுதியானது.

இத்தனைக்கும் இந்த நுட்பம் தொலைபேசித் துறை தனக்காக 1.55 மைக்ரான் அலைநீளத்தில் வளர்த்துக்கொண்டது. வானியல் அதை இரவல் வாங்கிக்கொண்டது, அவ்வளவே. கிராவிட்டி பார்க்கும் 2 முதல் 2.4 மைக்ரானிலேயே சிலிக்கா ஒளியை விழுங்கத் தொடங்குகிறது. இளம் விண்மீன்களைச் சூழ்ந்த தூசுத் தட்டுகள் ஒளிரும் 10 மைக்ரானில் அது சுவர்தான். அங்கே உதவக்கூடிய சால்கோஜனைடு கண்ணாடிச் சில்லுகள் பெரும்பாலும் ஆய்வகத்தைத் தாண்டவில்லை. சந்தை இல்லாத பொருளுக்கு முதல் போட யாருக்கும் மனம் வருவதில்லை. அதே மலையில் 3 முதல் 13 மைக்ரான் வரை பார்க்கும் ‘மட்டீஸ்’ கருவி, நான்கு தொலைநோக்கிகளின் ஒளியையும் தனித்தனி ஆடிகளையும் லென்சுகளையும் வைத்தே கலக்கிறது.