டீயெல் என்னும் குடும்பப் பெயர்

ஸ்கொத்லாந்தில் அருகி வழங்கும் குடும்பப் பெயர் ஒன்றை, எழுத்துக் கூட்டிப் படிப்போர் 'டல்சியெல்' என்பர். அதற்கு உரியவர்களோ 'டீயெல்' என்பர். ஆங்கில நெடுங்கணக்கின் 'டீ', 'எல்' ஆகிய ஈரெழுத்துக்களின் பெயர்களைச் சேர்த்துச் சொன்னாற் போன்ற ஒலி அது. ஏட்டில் நிற்கும் 'இசட்' நாவில் வாராமை ஏன்?

இப்பெயர் முதலில் ஓர் இடப்பெயர். கிளைட் ஆற்றின் கரையில், மதர்வெல் நகரை அடுத்துள்ள நிலம் அது. முற்பகுதி ஆற்றோரப் புல்வெளியைக் குறிக்கும் கேலிக் மொழிச் சொல் என்பர். பிற்பகுதிக்கு 'வெண்மை' எனப் பொருள் கொள்வாரும் உளர். நிலத்தை ஆண்டவர் அதன் பெயரையே தமதாக்கிக் கொண்டனர்.

மரபுக்கதை வேறு கூறும். கென்னத் மன்னனின் உறவினன் ஒருவனைப் பகைவர் தூக்கிலிட்டனராம். அவனுடலை மீட்டுவர வல்லார் யாரென மன்னன் வினவ, 'நான் துணிவேன்' என்றானாம் ஒரு வீரன், அச்சொல்லே பெயராயிற்றாம். இக்குடும்பத்தின் கேடயச் சின்னத்தில் ஆடையற்ற மனித உருவம் உண்டு. விருதுவாக்கும் 'துணிவேன்' என்பதே. சுவையான கதைதான். ஆயினும், சின்னத்தை விளக்கப் பின்னர் புனைந்ததென்றே எமக்குத் தோன்றுகிறது.

இனி அந்த 'இசட்'. பழைய ஸ்கொத்து மொழியில் 'யோக்' என்றோர் எழுத்து இருந்தது. 3 என்னும் இலக்கம் போன்ற வடிவினது. இப்பெயரில் யகர ஒலியைக் குறித்தது. 1508இல் செப்மன், மில்லர் என்னும் இருவர் எடின்பரோவில் அச்சுத்தொழில் தொடங்கினர். ஐரோப்பாக் கண்டத்திலிருந்து வந்த ஈய அச்சுக்களில் யோக் இல்லை. கையெழுத்தில் வாலிட்டு எழுதிய 'இசட்' அதனை ஒத்திருந்தமையால், அச்சுக்கோப்போர் அதனையே இட்டனர். மக்கள் நாவில் யகரம் நின்றது. லகரம் தேய்ந்து மறைந்தது.

மென்சீஸ் என்னும் பெயருக்கும் இதுவே நேர்ந்தது. ஸ்கொத்லாந்தில் அதனை 'மிங்கிஸ்' என்பர். அவுஸ்திரேலியப் பிரதமராயிருந்த ரொபேட் மென்சீஸ் 'மிங்' எனப்பட்டதும் இதனாலேயே.

டீயெல் குடும்பத்தின் ஒரு கிளை 'இசட்'டை ஏற்காது 'வை' என்னும் எழுத்தையே இட்டது. லின்லித்கோவை அடுத்த பின்ஸ் மாளிகையார் அவர். அவருள் தொமஸ் என்னும் தளபதி, 1651இல் வூஸ்டர்ப் போரிற் சிறைப்பட்டு, லண்டன் கோட்டையிலிருந்து தப்பி, ருசிய மன்னனிடம் படைத்தொழில் புரிந்து மீண்டவர். 1681இல் ஸ்கொத்துக் குதிரைப்படை ஒன்றைத் திரட்டினார். முதலாம் சாள்ஸ் மன்னன் 1649இல் தலை துணிக்கப்பட்டபின் அவர் தாடியை மழிக்கவேயில்லை என்பர். அம்மரபில் வந்த டாம் டீயெல், 1962 முதல் 2005 வரை பிரித்தானியப் பாராளுமன்றத்தில் அமர்ந்திருந்தார். அவர் பெயரிலும் 'வை'தான். அதனையும் 'டலியெல்' என்று பிழைபடப் படித்தோர் பலர்.