‘அம்யூஸ்ட்’ என்னும் ஆங்கிலப் பெயரடையும் தமிழில் அதன் பெயர்ப்பும்

மரம் இழுப்பதற்கென அந்தமானுக்குக் கொண்டுவரப்பட்டுப் பின்னர் ஹேவ்லாக் தீவின் கடலில் நீந்திப் புகழ்பெற்ற ராஜன் என்னும் யானை 2016இல் இறந்தது. அது நீந்தக் கண்ட பயணிகளைக் குறித்து ‘தே வேர் அம்யூஸ்ட்’ என ஓர் ஆங்கிலத் தொடர் அமைவதாகக் கொள்வோம். இதனை ‘மகிழ்ந்தனர்’ என்றோ ‘வியந்தனர்’ என்றோ பெயர்ப்பதே பெருவழக்கு. இரண்டும் பொருளின் ஒரு கூற்றையே தருகின்றன.

இச்சொல்லின் மூலமான பழைய பிரெஞ்சு வினைக்குத் திகைத்து நோக்கச் செய்தல் என்பது பொருள். 17, 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் கவனத்தைத் திருப்பி ஏமாற்றுதல் என்ற பொருளும் வழங்கிற்று. பகைவரைப் போக்குக் காட்டி நிறுத்துதலை அக்காலப் படைத்துறை எழுத்தாளர் இச்சொல்லாற் குறித்தனர். இன்றைய பொருளோ மென்மையான நகைப்புணர்வு; சற்று விலகி நின்று காண்பவனின் உணர்வு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகியவற்றையும், உவகைக்குச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு ஆகியவற்றையும் நிலைக்களன்களாகக் கூறும். பழம்பொருளில் இச்சொல் மருட்கையை ஒட்டியது. இன்று நகைக்கும், விளையாட்டிற் பிறக்கும் உவகைக்கும் இடையே நிற்கிறது எனலாம். எள்ளல் மிகுமாயின் ‘ஏளனம்’ ஆகிவிடும். மொழிபெயர்ப்பிற் பெரிதும் நேரும் பிழை இதுவே.

சொல்லினும் தொடரமைப்பே கூடுதல் இடர் தருவது. ஆங்கிலத்தில் உணர்பவர் எழுவாய். தமிழில் ‘அவருக்கு வேடிக்கையாக இருந்தது’ என நான்காம் வேற்றுமை ஏற்பர். 2018இல் சுவராஜ் தீவு எனப் பெயர் மாற்றப்பட்ட ஹேவ்லாக்கில் வாழ்வோருள் வங்க மொழியினரே பெரும்பான்மையர், பொதுமொழி இந்தி. இந்தி ‘முஜே மஜா ஆயா’ என்பதிலும் நான்காம் வேற்றுமைப் பொருளே உள்ளது. வங்கம் ‘ஆமார் மொஜா லாக்லோ’ என ஆறாம் வேற்றுமையை ஆளும். உணர்பவரை எழுவாயாக்காத இவ்வமைப்பினைத் தெற்காசிய மொழிகளின் பொதுக்கூறுகளுள் ஒன்றாகக் காலின் மசிக்கா 1976இல் வெளியான தம் நூலில் ஆராய்ந்துள்ளார்.

எழுவாயாகவே பெயர்க்கத் துணிந்தால் ‘அவர் வேடிக்கையானவர்’ என வரும். அது ‘அம்யூசிங்’ என்பதன் பெயர்ப்பு. உணர்வு காண்பவரிடமிருந்து காணப்படுபவருக்கு மாறிவிடுகிறது. ‘வேடிக்கையான பார்வை’ என்பதும் அவ்வாறே. ‘குறுநகையுடன் நோக்கினார்’ என வினையடையாக்குதலே நன்று. குழந்தைகளை ‘அம்யூஸ்ட்’ ஆக வைத்திருத்தல் என்னுமிடத்தில் நகைப்பு இன்றியமையாததன்று. ‘சலிப்பின்றிப் பொழுதுபோகச் செய்தல்’ போதும்.

எதிர்மறை தனித்து நோக்கத்தக்கது. விக்டோரியா அரசியார் கூறியதாக உறுதியான சான்றின்றி வழங்கும் புகழ்பெற்ற மறுப்புரையில் நகைப்பின்மையைவிடச் சினமே மிகுதி. ‘மகிழவில்லை’ எனப் பெயர்ப்பின் அச்சினம் மறைகிறது. ‘தலைவர் அப்பேச்சை ரசிக்கவில்லை’ என்னும் செய்தித்தாள் வழக்கில் அது முழுமையாக உள்ளது. உடன்பாட்டில் மிகப் பரந்த பொருளுடைய ‘ரசி’ என்னும் வினை, எதிர்மறையில் மட்டும் இந்த ஆங்கிலச் சொல்லோடு ஏறத்தாழ முற்றும் பொருந்துகிறது.