ஓசூர் பட்டறையில் ஒரு விமானக் கைப்பிடி

முன்னால் உட்கார்ந்து பார்த்தால் கண்ணில் படுவது இவ்வளவுதான்: கறுப்புப் பலகையிலிருந்து நீளும் ஒரு தண்டு, அதன் நுனியில் கிடாய்க் கொம்பு போல இரு பக்கமும் வளைந்து எழும் கைப்பிடி. விமானிகள் இதை யோக் என்பார்கள். இழுத்தால் விமானத்தின் மூக்கு தூக்கும், தள்ளினால் தாழும், திருப்பினால் இறக்கை சாயும். கணினித் திரையில் பெங்களூர் ஓடுபாதை விரிந்து கிடக்க, வீட்டு அறையில் உட்கார்ந்து அதை இரு கையாலும் பிடித்து இழுக்கும்போது உடம்பே சிலிர்த்துப் போகும். ஆனால் நான் உங்களைக் கூட்டிப் போக நினைப்பது அந்தப் பலகைக்குப் பின்னால். நாலு திருகைக் கழற்றினால் போதும், வாங்க. அசல் கொண்டாட்டம் அங்கேதான் நடக்கிறது!

உள்ளே முதலில் தெரிவது இரண்டு எஃகுத் தண்டுகள். 12 மில்லி தடிமன், வெள்ளி போல மின்னும் ஷாஃப்ட். அவற்றின் மேல் ஒரு சிறிய வண்டி முன்னும் பின்னும் ஓடுகிறது. அந்த வண்டியின் நடுவே யோக்கின் தண்டு சுழல்கிறது. ஓடுவது ஒரு பாகம், சுழல்வது வேறொரு பாகம். இந்தப் பிரிவினைதான் முழு வேலைக்கும் உயிர். புதிதாகச் செய்பவர்கள் ஒரே தண்டை லீனியர் பேரிங்கில் நுழைத்து, அதுவே ஓடட்டும், அதுவே சுழலட்டும் என்று விட்டுவிடுவார்கள். லீனியர் பேரிங்கின் குண்டுகள் நேர்கோட்டில் ஓடப் பிறந்தவை. சுழற்றினால் உருளாமல் தேய்க்கும், கரகரக்கும். ஆகவே ஓடுவதற்கு லீனியர் பேரிங், சுழல்வதற்கு 15 மில்லி உள்விட்டமுள்ள சாதாரண 6202 பேரிங் இரண்டு. அந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று தள்ளி வைத்தால் கைப்பிடியில் ஆட்டம் இருக்காது.

இப்போது கதாநாயகனுக்கு வருவோம். வில்லன் என்றும் சொல்லலாம். உராய்வு! மெதுவாகத் தள்ளுகிறீர்கள், நகரவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளுகிறீர்கள், திடீரென்று குதிக்கிறது. செஸ்னா 172 என்ற சிறு விமானம் தரையைத் தொடப் போகும் கடைசி நொடிகளில் விமானி செய்வதெல்லாம் மில்லிமீட்டர் கணக்கில் சின்னச் சின்ன இழுப்புகள். அங்கே கைப்பிடி ஒட்டிக்கொண்டு குதித்தால் விமானமும் ஓடுபாதையில் குதிக்கும். விலை குறைந்த யோக்குகளில் இந்தக் குறை அடிக்கடி தென்படும். திரையில் மேகம் எவ்வளவு அழகாக இருந்து என்ன, கை நம்பாவிட்டால் மனமும் நம்பாது.

இங்கேதான் ஓசூர் உள்ளே வருகிறது. டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் என்று லாரியிலிருந்து கைக்கடிகாரம் வரை செய்யும் ஊர் இது. அந்தப் பெரிய ஆலைகளைச் சுற்றி சிட்கோ, சிப்காட் தொழிற்பேட்டைத் தெருக்களில் ஜாப் ஒர்க் செய்யும் சின்னப் பட்டறைகள். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் கன்னடம், ஒரு பக்கம் தெலுங்கு, நடுவில் லேத்தின் சத்தம். அப்படி ஒரு பட்டறையில் என் டிராயிங்கை நீட்டினேன். மில்லிங் மெஷினை நிறுத்திவிட்டு அண்ணன் பார்த்தார்.

“எந்த வண்டிக்கு தம்பி இது?”

“வண்டி இல்லண்ணே. விமானம்.”

காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தார். முகத்தில் ஒரு பளபளப்பு வந்ததே, அதை எழுத்தில் கொண்டுவர முடியாது.

“ரெண்டு பிளேட்டையும் தனித்தனியா துளை போட்டா ஷாஃப்ட் கோணிக்கும், வண்டி நடுவுல சிக்கும். ரெண்டையும் சேர்த்துக் கட்டி ஒரே செட்டிங்ல போரிங் போட்டுடலாம். அப்புறம் பாருங்க.”

பார்த்தேன்! முன் பிளேட், பின் பிளேட் இரண்டையும் ஒன்றாகப் பிணைத்து, ஒரே பிடியில் துளையிட்டார். துளைகளுக்கு இடையிலான தூரம் இரண்டு பிளேட்டிலும் அச்சு மாறாமல் அமைந்தது. தண்டுகளைப் பூட்டி வண்டியை ஏற்றி, ஒரு பக்கத்தை லேசாகத் தூக்கினார். வண்டி சத்தமே இல்லாமல் தானாக வழிந்து மறுமுனைக்குப் போனது. நாங்கள் இரண்டு பேரும் அதை மாற்றி மாற்றிச் சாய்த்து விளையாடினோம். பக்கத்து லேத்தில் இருந்தவரும் வந்து ஒரு முறை சாய்த்துப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்தது ஸ்பிரிங். கையை விட்டால் யோக் நடுவுக்குத் திரும்ப வேண்டும். எளிய வழி, இரு பக்கமும் ஸ்பிரிங்கோ இலாஸ்டிக் கயிறோ கட்டுவது. ஆனால் நடுவில் ஒரு பள்ளம் போல மாட்டிக்கொள்ளக் கூடாது. நடுப்புள்ளியைக் கடக்கும்போது ‘டக்’கென்று தட்டினால், சின்னத் திருத்தம் ஒவ்வொன்றும் அந்தத் தட்டலோடு மல்லுக்கட்டியாக வேண்டும். இரு பக்க ஸ்பிரிங்கையும் முன்கூட்டியே கொஞ்சம் இழுத்துக் கட்டினால், நடுவிலும் இழுவை அறுபடாமல் வழுவழுவென்று போகும்.

நிஜச் செஸ்னாவில் ஸ்பிரிங்கின் வேலையைக் காற்று செய்கிறது. வேகம் கூடக் கூட வால் பகுதியில் மோதும் காற்று கேபிள் வழியாகக் கையை எதிர்த்துத் தள்ளும். வேகம் குறைந்தால் கைப்பிடி தொளதொளவென்று ஆகிவிடும். விமானி கைக்கே வேகம் தெரியும்! பெரிய விமானங்களில் கதை இன்னும் சுவை. போயிங் 737-ல் ஹைட்ராலிக் விசைதான் வாலை அசைக்கிறது, காற்றின் எதிர்ப்பு கைக்கு வந்து சேராது. அதனால் அந்தக் கனத்தைச் செயற்கையாக உண்டாக்கித் தர ஒரு தனிக் கருவியே வைத்திருக்கிறார்கள். 787-ல் கட்டளைகள் மின்கம்பியில் போகின்றன, ஆனாலும் போயிங் யோக்கை விடவில்லை. ஏர்பஸ் ஏ320 மட்டும் 1988-லேயே பக்கவாட்டுக் குச்சிக்கு மாறிவிட்டது. ஆக, நிஜ விமானத்திலேயே உணர்வைச் செய்துதான் தருகிறார்கள் என்றால், வீட்டில் நாம் செய்வதில் என்ன குறை? ஸ்பிரிங்குக்குப் பதில் மோட்டார் வைத்து, வேகத்துக்கு ஏற்பக் கனத்தை மாற்றுபவர்களும் உண்டு. மின் ஸ்கூட்டர்கள் உருவாகும் இந்த ஓசூர், போச்சம்பள்ளி வட்டாரத்தில் அந்த வகை மோட்டாரைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை.

கை அசைவைக் கணினிக்குச் சொல்வது சென்சாரின் வேலை. 10 கிலோ ஓம் பொட்டன்ஷியோமீட்டர் மலிவு, ஆனால் அது முழுவதும் சுற்ற ஏறக்குறைய 300 பாகை வேண்டும். யோக் சுழல்வது மொத்தம் 180 பாகைதான். ஆர்டுயினோ லியோனார்டோ என்ற சின்ன மின்பலகை தரும் 1024 படிகளில் 600 சொச்சம்தான் பயன்படும். ஒரு சின்னப் பல்சக்கர ஜோடி போட்டு அந்தக் குறையைச் சரிக்கட்டலாம். ஏ.எஸ். 5600 என்ற காந்த சென்சார் இன்னும் அழகு. ஒரு சுற்றுக்கு 4096 படிகள், எதையும் தொடாமல் அளக்கும், தேய்மானம் கிடையாது. அதன் காந்தத்துக்கு வடக்கும் தெற்கும் மேல் கீழாக இல்லாமல் விட்டத்தின் குறுக்கே இருக்க வேண்டும். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள். உரிய நிரலை ஏற்றிவிட்டால் லியோனார்டோ கணினியிடம் தன்னை ஜாய்ஸ்டிக் என்றே அறிமுகம் செய்துகொள்ளும்.

கைப்பிடியை முப்பரிமாண அச்சில் எடுக்கலாம். ஆனால் உள்ளே ஒரு எஃகுப் பட்டையை வைத்து மூடுங்கள், கனம் இல்லாவிட்டால் பொம்மை என்று கை கண்டுபிடித்துவிடும். இடது கொம்பில், கை ஓயாமல் இழுத்துப் பிடிக்காமலே மூக்கை ஒரே நிலையில் நிறுத்தும் டிரிம் விசை. 737-ல் அது பக்கத்தில் பக்கத்தில் இரண்டு விசைகள், இரண்டையும் ஒரே நேரத்தில் தள்ளினால்தான் வேலை செய்யும். ஒன்று பழுதாகித் தானாக ஓடிவிடக் கூடாது என்ற பாதுகாப்பு. அந்த இரட்டை விசையை வைத்துவிட்டால் கட்டைவிரலுக்குக் கிடைக்கும் பெருமிதம் இருக்கிறதே!

பொம்மை வேலை என்று யாராவது சொன்னால் எட்வின் லிங்கின் கதையைச் சொல்லுங்கள். அமெரிக்காவின் பிங்காம்டன் ஊரில் அவர் குடும்பத்துக்கு ஆர்கன் இசைக்கருவிப் பட்டறை இருந்தது. 1929-ல் அந்தப் பட்டறையின் துருத்திகளையும் காற்றுப் பம்புகளையும் கொண்டே அவர் விமானப் பயிற்சிப் பெட்டியை அமைத்தார். இரண்டாம் உலகப்போரில் நேச நாட்டு விமானிகள் பல்லாயிரம் பேர் அதில்தான் பழகினார்கள். ஊரில் என்ன தொழில் இருந்ததோ, அதிலிருந்து ஒரு விமானம்.

நம் ஊரில் இருந்தது விமானமே! ஓசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனம் 1990-களில் இத்தாலியின் பார்ட்டெனாவியா உரிமத்தோடு பி68 என்ற ஆறு இருக்கை, இரட்டை என்ஜின் விமானத்தைச் செய்தது. இந்திய விஞ்ஞானிகள் வடிவமைத்த ஹன்சா பயிற்சி விமானமும் அங்கே உருவானது. பி68-ல் யோக், ஹன்சாவில் குச்சி. இரண்டு வகைக் கட்டுப்பாட்டையும் கையில் தொட்டுப் பூட்டிய தொழிலாளர்கள் நம் பக்கத்து மனிதர்கள். 2024 ஜூனில் 2000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் ஓசூருக்கு வரும் என்று சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். அது வரும்போது வரட்டும்.

பிள்ளைகள் விமான விளையாட்டு கேட்டால் வெளிநாட்டு யோக் பெட்டியைத் தேடி ஆர்டர் போடுமுன் ஒரு டிராயிங் வரையச் சொல்லுங்கள். மேசை டிராயரின் சேனல், பழைய பேரிங், ஒரு பொட்டன்ஷியோமீட்டர் போதும், முதல் யோக்குக்கு. ஃபிளைட்கியர் என்ற மென்பொருள் காசில்லாமல் கிடைக்கிறது. பிறகு அந்த டிராயிங்கோடு பிள்ளையையும் அழைத்துக்கொண்டு பக்கத்துப் பட்டறைக்குப் போங்கள். இரண்டு பிளேட்டையும் ஒரே செட்டிங்கில் துளை போடச் சொல்லுங்கள்.