பழைய காரீயமும் அதன் கடினமும்

ஈயம் என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறோம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. மீன்வலைக் குண்டுகளிலும் மோட்டார் பாட்டரிகளிலும் இருப்பது காரீயம். மணவூரிலோ திருத்தணியிலோ காயலான் கடைக்கு வரும் காரீயத் துண்டுகளைப் பாருங்கள். நிறத்தில் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். ஆயினும் ஒன்றில் நகம் பட்டாலே கீறல் விழும். மற்றொன்று நகத்திற்கு மசியாது. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

இதற்கு விடை அச்சுத் தொழிலில் இருக்கிறது. தரங்கம்பாடி அச்சகத்திற்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துக்கள் மிகப் பெரியவை. காகிதம் ஏராளமாகச் செலவாயிற்று. ஆகவே இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியின் ஈய உறைகளை உருக்கி, சிறிய எழுத்துக்களை வார்த்துக் கொண்டனர் என்று அச்சு வரலாறு கூறுகிறது. 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கு அச்சாகி முடிந்தது.

தூய காரீயத்தில் வார்த்த எழுத்து, அச்சுப் பொறியின் அழுத்தத்தில் விரைவில் மழுங்கிவிடும். அதனால் எழுத்து வார்ப்போர் ஆண்டிமனியையும் வெள்ளீயத்தையும் கலப்பது வழக்கம். லைனோடைப் உலோகத்தில் நூற்றுக்கு 84 பங்கு காரீயம், 12 பங்கு ஆண்டிமனி, 4 பங்கு வெள்ளீயம் என்ற அளவு புழக்கத்தில் இருந்தது.

உலோகம் நசுங்கும்போது அதன் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. ஆண்டிமனியின் கடினமான நுண்படிகங்கள் இடையிடையே நின்று அந்த வழுக்கலைத் தடுக்கின்றன. செம்பை அடிக்க அடிக்க அது இறுகும். தூய காரீயமோ இறுகுவதில்லை. அது 327 டிகிரி செல்சியசிலேயே உருகுவதால், அறை வெப்பமே அதன் படிகங்கள் மீண்டும் ஒழுங்காவதற்குப் போதுமானது.

கடினத்தை அளக்கும் முறையை 1900-இல் சுவீடன் நாட்டுப் பொறியாளர் பிரினெல் வெளியிட்டார். எஃகுக் குண்டை உலோகத்தில் அழுத்தி, விழும் குழியை அளப்பதே அம்முறை. தூய காரீயத்தின் பிரினெல் எண் சுமார் 4 முதல் 5 வரை. அச்செழுத்து உலோகத்திற்கு 20-க்கு மேலும் வரும்.

பள்ளிப் பட்டறையிலும் இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். தூய காரீயத் துண்டு ஒன்றுக்கும் சோதிக்க வேண்டிய துண்டுக்கும் நடுவில் சைக்கிள் பால்ரஸ் குண்டு ஒன்றை வைத்து, வைஸில் இறுக்குங்கள். இரு பக்கமும் ஒரே விசைதான். தூய காரீயத்தில் குழியின் விட்டம் 4 மில்லிமீட்டர், மற்றதில் 2 மில்லிமீட்டர் என்றால், பரப்பு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு; ஆகவே கடினம் ஏறக்குறைய நான்கு மடங்கு. சோதனை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

இதற்காக எதையும் உருக்க வேண்டியதில்லை. வீட்டில் உருக்கவும் கூடாது. உருக்கும்போது எழும் புகையும் தூசியும் உடலில் சேர்ந்து, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கின்றன. பழைய பாட்டரிகளை முறையாகத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்ய, 2022-ஆம் ஆண்டு விதிகள் உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கியுள்ளன. பாட்டரியை உடைக்காமல் கடையில் திருப்பித் தருவதே நல்லது.

சரி, ஈயச் சொம்பு வெள்ளீயம்தானா என்பதைக் கடினத்தால் அறியலாமா? முடியாது. இரண்டும் ஏறக்குறைய ஒரே மென்மை உடையவை. ஆனால் வெள்ளீயத்தின் அடர்த்தி நீரைப்போல் 7.3 மடங்கு, காரீயத்தினுடையது 11.3 மடங்கு. எடையையும் கன அளவையும் கண்டால் முழுக் காரீயச் சொம்பு அகப்பட்டுவிடும். சிறு கலப்படத்தைக் கண்டறிய ஆய்வுக்கூடச் சோதனையே வழி. புளி ரசம் கொதிக்கும் பாத்திரத்தில் சிறு கலப்படமும் தீங்குதான்.